சாட்சி மண்

அரசாங்கம் பாதி தரும், ஊர் பாதி தர வேண்டும். ஊரின் பாதியை உடலுழைப்பாகவும் தரலாம். 1962இல் ஒரு கிளப்புக்கு மைதானம் கிடைக்க எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எங்கள் வாலிபால் கிளப்பில் பதினோரு பேர். எவனிடமும் காசில்லை, உடம்பு இருந்தது. செயலாளர் என்ற முறையில் பவுல்ராஜ் என்று கையெழுத்திட்டு நான்தான் மனுப் போட்டேன்.

சித்தையன்கோட்டைச் சாலையோரம் ஒரு புறம்போக்கு மேடு. மார்ச் முடிவதற்குள் அதைச் சமப்படுத்தி, பஞ்சாயத்து யூனியன் ஓவர்சியர் எங்கள் உழைப்பை அளந்து எழுதிவிட்டால் மானியமும் வரும், இடமும் கிளப்புக்கு. இல்லையென்றால் பஞ்சாயத்துத் தலைவரின் மச்சான் அங்கே நெல் களம் போட்டுக்கொள்வார். அவர் அதற்குள் வந்து காலடியால் அளந்தும் பார்த்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு மாதம் வெட்டினோம். வீட்டுப் பெண்கள் மண் சுமந்து சாலையோரப் பள்ளத்தில் கொட்டினார்கள். ஓவர்சியர் ஒரு விதி சொல்லியிருந்தார்: நாலு இடத்தில் மண்ணை வெட்டாமல் தூணாக விட வேண்டும். எவ்வளவு உயரம் வெட்டினோம் என்பதற்கு அந்தத் தூண்கள்தான் சாட்சி.

விட்டோம். ஆனால் வாலிபால்காரனுக்குச் சமதரையைக் காட்டிவிட்டு விளையாடாதே என்றால் நடக்கிற காரியமா? அளக்க வருவதற்கு முந்தின நாள் வலை கட்டினோம். பந்தைப் பார்த்தபடி பின்னால் ஓடிய பெரியகருப்பன் ஒரு தூணில் மோதி விழுந்தான். ஆத்திரத்தில் நாலையும் சீவித் தள்ளினோம். முதல் வெட்டு என்னுடையது. எங்கள் கையாலேயே எங்கள் கண்ணைக் குத்திக்கொண்டோம்.

மறுநாள் ஓவர்சியர் டேப்பைப் பிரிக்கவே இல்லை.

"மேடு இருந்துச்சுன்னு எதை வச்சு எழுதுறது? ஆதியிலருந்தே சமதரை மாதிரியில்ல இருக்கு."

"ஜீப்புல போறப்ப தெனம் பாத்தீகளே சார்!" என்றேன்.

"பாத்ததை எழுத முடியாது. அளந்ததைத்தான் எழுதணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா?

பெரியகருப்பனின் மனைவி ஒச்சம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். அந்த மண்ணில் பாதியாவது அவள் தலைமேல் போனதுதான்.

"மேடு எங்கயும் ஓடிப்போகல சார். பள்ளத்துல கெடக்கு. நாளைக்கு ஒங்க ஆபீசுக்கே வரும், அளந்துக்கங்க."

ஓவர்சியர் சிரித்துக்கொண்டே போனார். நாங்கள் சிரிக்கவில்லை. விவசாயம் பார்க்கும் சம்சாரிகளிடம் போய் வண்டி கேட்டு நின்றோம். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை.

விடிந்ததும் பதினாலு மாட்டு வண்டிகள் யூனியன் ஆபீஸ் வாசலுக்குப் போயின. வாசலை அடைத்துக் கொட்டினோம். இரண்டாம் நடைக்குள் ஜீப் வெளியே வர வழியில்லை. பெரிய அதிகாரியே இறங்கி வந்தார்.

"என்னய்யா இது?"

"எங்க பாதிங்க சார்," என்றேன். "இது இருவத்தெட்டு வண்டி. மிச்சம் அம்புட்டும் மைதானத்துப் பக்கத்துப் பள்ளத்துல கெடக்கு, கொண்டாறோம்."

அதிகாரி ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் மண்ணைப் பார்த்தார்.

"யோவ், இதையும் அந்தப் பள்ளத்துல கெடக்குற மண்ணையும் அளந்து இன்னிக்கே எழுதிக் கொண்டா!"

சாயங்காலத்துக்குள் அளவு ஏறியது, கையெழுத்தும் விழுந்தது. அதுவரை ஒருவரும் வாசலைவிட்டு நகரவில்லை.

"அதான் போட்டாச்சே. மொதல்ல இந்த மண்ணை அள்ளுங்க," என்றார் அதிகாரி.

ஒச்சம்மாள் சும்மாட்டைத் தலையில் வைத்தாள்.

"அள்ளுறோம் சார். இந்த வேலையையும் எங்க பாதியில எழுதிக்கங்க."