தொட்டி கழுவும் இடம்

அக்கா தங்கை இருவரையும் உறவுக்காரர்கள் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். படுக்கை விரிப்பு, குளியல் துண்டு, சமையலறைத் துணி எல்லாம் வெவ்வேறு நிறப் பைகளில் வந்து இறங்கும். சமையலறைப் பைக்குள் யாராவது தரை துடைத்த துணியைப் போட்டுவிட்டால் போதும், போன் போட்டு ஒரு பிடி பிடித்துவிடுவாள். "எதை எதோட சேக்கறதுன்னு ஒரு முறை இல்லையா?" என்பது எந்நேரமும் அவள் வாயில் இருக்கும் பேச்சு.

அதே முறையை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தது ஓர் ஆமையை முன்னிட்டு.

ஆமை அவள் கணவனுடையது. அவன் லிப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிப்ட் பழுது பார்க்கப் போனபோது, வீடு காலி செய்துகொண்டிருந்த ஒருவர், "இதை என்ன பண்றதுன்னே தெரியல, நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று கண்ணாடித் தொட்டியோடு நீட்டிய ஆமை அது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தனி அறையில் தங்கியிருந்த அவனுக்குக் கொஞ்ச காலம் அதுதான் பேச்சுத் துணை. கழுத்தை நீட்டி, எந்த மனுவிலும் கையெழுத்துப் போடாத அதிகாரியைப் போலப் பார்க்கும் அதற்கு அவன் வைத்த பெயர் 'சார்'. வேலைக்குக் கிளம்பும்போது "போயிட்டு வரேன் சார்" என்று சொல்லாமல் செருப்பு மாட்ட மாட்டான். கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்த பெரியவள், போகப் போக, "சார் இன்னிக்குச் சரியாவே சாப்பிடல" என்று தானும் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

குழந்தை தவழ ஆரம்பித்ததும் சட்டம் வந்தது. தொட்டியைக் குளியலறையில் மட்டும்தான் கழுவ வேண்டும். அதற்கென்று தனியாகச் சிவப்பு பிரஷ், சிவப்பு வாளி. சமையலறை சிங்க்கில் இருக்கும் நீல ஸ்பாஞ்ச் நாம் சாப்பிடும் பாத்திரங்களுக்கு மட்டும். ஆமையைத் தொட்டவர் சோப்பு போட்டுக் கை கழுவாமல் வேறு எதையும் தொடக் கூடாது.

"அது மேல இருக்கற கிருமி அதை ஒண்ணும் பண்ணாது. நமக்குத்தான் ஆகாது. அதுவும் சின்னக் குழந்தைக்கு ஆகவே ஆகாது" என்றாள்.

"உத்தரவு மேடம்" என்று சல்யூட் அடித்தான் மெக்கானிக். அவன் அடித்த விதத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சின்னவள் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது அவளை வரச் சொன்னது பெரியவள்தான். "வேற வேலை கிடைக்கற வரைக்கும் என்கூட இரு. குழந்தையையும் பாத்துக்க ஆளாச்சு." குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. வந்த கொஞ்ச நாளிலேயே சித்தி ஊட்டாமல் அது வாயைத் திறக்காது என்றாகிவிட்டது. மெக்கானிக்கின் வேலைக்கு நேரம் காலம் கிடையாது. ஒரு வாரம் காலை வேலை, ஒரு வாரம் மாலை வேலை, வார விடுமுறையும் நடு வாரத்தில் வரும். அவன் வீட்டிலிருக்கும் பகல்களில் பெரியவள் ஹோட்டலில் இருப்பாள்.

மழைக்காலம் தொடங்கியபோது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே வயிற்றுப்போக்கு. மறுநாள் அதில் ரத்தம் கலந்திருந்ததைப் பார்த்ததும் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். குழந்தையின் சின்னக் கையில் ஊசி குத்த நரம்பு தேடியபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பரிசோதனை முடிவு வந்தபின் டாக்டரம்மா கேட்டார்: "குடல்ல கிருமித் தொற்று. அரைவேக்காட்டு முட்டை, கறி இதுல வரலாம். இல்லன்னா ஆமை, பல்லி மாதிரி வளக்கறவங்க வீட்ல வரும். அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

"ஆமை இருக்கு டாக்டர். ஆனா அதுல நாங்க ரொம்பச் சுத்தம். தொட்டிய பாத்ரூம்லதான் கழுவுவோம். பிரஷ்லேந்து எல்லாமே தனி. குழந்தைய அது கிட்டயே விட மாட்டோம். சமையல்கட்டுக்கு அது வந்ததே இல்ல." சொல்லிவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லுங்களேன்."

மெக்கானிக் தலையாட்டினான். "ஆமா டாக்டர். பாத்ரூம்லதான்."

"அப்போ சாப்பாட்டைத்தான் பாக்கணும். முட்டை யார் குடுக்கறது?"

"நான்தான்" என்றாள் சின்னவள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்காவின் கணவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "நல்லா வேக வெச்சுத்தான் குடுக்கறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே பெரியவள் பொரிந்து தள்ளிவிட்டாள். அடுத்த பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"ஒரு முட்டைய ஒழுங்கா வேக வைக்கத் தெரியாதா உனக்கு? கையில போனை வெச்சுக்கிட்டே அடுப்புல நின்னா இப்படித்தான். பெத்தவளுக்குத்தான் பதறும், உனக்கென்ன?"

"அக்கா, சத்தியமா நான்…"

"பேசாத."

அப்போதுதான் மெக்கானிக் நடுவில் புகுந்தான். "விடும்மா. ஏதோ தெரியாம நடந்துருச்சு. அவளும் பாவம், வேணும்னேவா செஞ்சா?"

சின்னவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போய்விட்டான். நம் வீட்டுக்காரருக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு என்று அந்த நேரத்தில் பெரியவள் நினைத்தாள். அதைப் பின்னாளில் எத்தனையோ முறை நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்த மறுநாள் சின்னவள் பெட்டியைக் கட்டினாள். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. குழந்தை அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெரியவள்தான் அந்த விரல்களைப் பிரித்துவிட்டாள்.

அதன்பின் குழந்தையைப் பகலில் பக்கத்துத் தெருவில் இருந்த காப்பகத்தில் விட்டார்கள். பகலில் வேலை இல்லாத நாட்களில் மெக்கானிக் பார்த்துக்கொள்வான். வீட்டில் முட்டையே வாங்குவதில்லை. அப்படியும் குழந்தைக்கு மறுபடி வயிற்றைக் கலக்கியது. முன்பு மாதிரி மோசமில்லை. ஆனாலும் பெரியவள் பால் பாட்டிலைக் கொதிக்கக் கொதிக்க வேக வைத்தாள். தன் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்தது. ஹோட்டலிலிருந்து தானே கிருமியைத் தூக்கிக்கொண்டு வருகிறோமோ என்று பயந்து, வேலைக்குப் போட்ட உடுப்போடு குழந்தையைத் தொடுவதையே விட்டுவிட்டாள். ஓடி வரும் குழந்தையை "இரு, இரு, அம்மா குளிச்சிட்டு வரேன்" என்று கையால் தடுப்பாள். மெக்கானிக் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"ரொம்ப அலட்டிக்காத" என்பான். "குழந்தைன்னா நாலும்தான் வரும்."

ஒருநாள் ஹோட்டலில் கொதிகலன் பழுதாகிப் போனது. வெந்நீர் இல்லாமல் சலவை ஏது? எல்லோரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையோடு கொஞ்ச நேரம் இருக்கலாம் என்ற ஆசையில் பெரியவள் வேகமாக வந்து, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள்.

சமையலறையிலிருந்து சீட்டி சத்தம் வந்தது.

சிங்க்கில் தொட்டி நின்றது. பாசி பிடித்த பச்சைத் தண்ணீர் விளிம்பில் வழிந்து, பாத்திரம் கவிழ்க்கும் தட்டு வரைக்கும் தெறித்திருந்தது. அந்தத் தட்டில் குழந்தையின் பால் டம்ளர் கவிழ்ந்திருந்தது. காய் கழுவும் பாத்திரத்தில் சார் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தார். மெக்கானிக் தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான், நீல ஸ்பாஞ்சால். பக்கத்தில் ஸ்டூல் மேல் நின்றிருந்த குழந்தை, ஈரக் கையை வாயில் வைத்துச் சப்பியபடி அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

பெரியவள் கத்தவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கையையும் வாயையும் சோப்பு போட்டுக் கழுவி, உள் அறையில் விட்டுவிட்டு வந்தாள். அதற்குள் மெக்கானிக் தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தான்.

"வைங்க அதை" என்றாள். "எத்தனை நாளா இங்க கழுவறீங்க?"

அவன் திருதிருவென்று விழித்தான். "எப்பவாவதுதான். முதுகு வலிம்மா. நாள் பூரா லிப்ட் குழிக்குள்ள குனிஞ்சே கிடக்கறேன். பாத்ரூம்ல உக்காந்து இதைத் தூக்கிக் கொட்ட முடியல. இங்கன்னா இடுப்பு உயரம். அப்புறம் நல்லா சோப்பு போட்டுத்தானே கழுவி விடறேன்…"

"குழந்தை ஆஸ்பத்திரில கிடந்துச்சே, அப்பவும் இங்கதானா?"

அவன் தொட்டியை மெல்ல சிங்க்கிலேயே இறக்கி வைத்தான்.

"டாக்டர் நேருக்கு நேரா கேட்டாங்க. நான் உங்களைப் பாத்தேன். தலைய ஆட்டினீங்களே."

"பயந்துட்டேன். சாரைத் தூக்கிப் போடச் சொல்லிடுவேன்னு… நீ என்ன நினைப்பியோன்னு… அப்புறம் நீ அவளைத் திட்ட ஆரம்பிச்சுட்ட. நடுவுல எப்படிச் சொல்றது? சின்னவ சொல்லிடுவாளோன்னுதான் பயந்தேன். நல்லவேளை அவ…"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே புரிந்தது.

"அவளுக்குத் தெரியுமா?" என்றாள் பெரியவள்.

"ஒரு தடவை பாத்துட்டா. அக்காகிட்ட சொல்லாத, இனிமே பண்ண மாட்டேன்னு சொன்னேன்."

பெரியவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தான் இல்லாத வீட்டில் இத்தனை நடந்திருக்கிறது. இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது. தான் மட்டும் வெடித்த கையோடு பால் பாட்டிலை வேக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அழுகைகூட உடனே வரவில்லை.

அன்று மாலை தங்கைக்குப் போன் செய்தாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"மாமா வாயால சொல்லட்டும்னு காத்திருந்தேன்க்கா. ஆஸ்பத்திரில சொல்லிடுவாருன்னு நினைச்சேன். குழந்தை அந்த நிலைமைல இருக்கும்போது யாராவது பொய் சொல்லுவாங்களா?"

"அவர் சொல்லலன்னா நீ சொல்லிருக்கலாமே. நான் நம்பிருப்பேன்."

"நம்பிருப்பியா? சத்தியமான்னு ஆரம்பிச்சேன், பேசாதன்னு சொல்லிட்ட. டாக்டர் கேட்டப்போ நீ அவர் மூஞ்சியப் பாத்த. முட்டைன்னு சொன்னதும் என் மூஞ்சியப் பாக்காமலே திட்டின. உன்கூடப் பொறந்தவக்கா நான்."

பெரியவள் அழும் சத்தம் கேட்டதும் சின்னவள், "குழந்தைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. திரும்பி வரச் சொல்லிக் கேட்டபோது, "பாப்போம்க்கா" என்றாள். அந்தக் குரலில் வருகிற எண்ணமே தெரியவில்லை.

நீல ஸ்பாஞ்ச், காய் நறுக்கும் பலகை, காய் கழுவும் பாத்திரம் எல்லாம் குப்பைக்குப் போயின. சிங்க்கையும் மேடையையும் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்தாள். மறுவாரம் குழந்தையை டாக்டரிடம் காட்டப் போனபோது மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே போனதும், "நீங்களே சொல்லுங்க" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். டாக்டரம்மா அவனைத் திட்டவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் குழந்தைக்கு இரண்டாவது முறை வந்திருக்காது என்று மட்டும் சொன்னார். அடுத்த விடுமுறையில் அவனாகவே சின்னவளைப் பார்க்கப் போனான். வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அவள் காபி கொடுத்து அனுப்பினாள்.

"சாரை யார்கிட்டயாவது குடுத்துடறேன்" என்றான் திரும்பி வந்ததும்.

"எதுக்கு? சார் என்கிட்ட பொய் சொல்லலயே" என்றாள் பெரியவள்.

அவன் பழைய இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்து, வெட்டி ஒட்டி, குளியலறையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை செய்தான். தொட்டியை அதில் வைத்தால் குனியவே வேண்டாம். அரை நாள் வேலை. முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் அதைப் பார்த்தாள், கையால் ஒரு முறை ஆட்டிப் பார்த்தாள். உறுதியாகத்தான் இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா?"

அவன் மிச்சமிருந்த இரும்புத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

இப்போதெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களை அவனே கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். அவன் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்ததும் பெரியவள் சிங்க் அருகே வருகிறாள். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றாக மறுபடி கழுவுகிறாள். சண்டையில்லை, குத்தலாக ஒரு வார்த்தையில்லை. ஒருநாள் அவன் சமையலறை வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் நம்பிக்கை வரலயா?" என்று கேட்டான்.

அவள் குழாயை மூடவில்லை. குழந்தையின் டம்ளரை எடுத்து உள்ளே விரலை விட்டுச் சுற்றித் தேய்த்தபடியே, "வரணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றாள்.