திருக்கனூர் வாசலில் தினமும் மழை

வைகாசி வெயிலில் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனின் ஊர்களெல்லாம் காய்ந்து கிடந்தபோது, திருக்கனூரில் மட்டும் தினமும் மழை பெய்துகொண்டிருந்தது. கொஞ்சம் மழைதான். பெய்ததை யாரும் பார்க்கவும் இல்லை. ஆனால் கோகிலாம்பாள் வீட்டு வாசலில் நட்டிருந்த மழைமானி அப்படித்தான் சொன்னது. அவளும் தினம் காலையில் அதிலிருந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து, பஸ் கண்டக்டர் மூலம் புதுச்சேரிக்குச் சொல்லி அனுப்பிவந்தாள்.

அது எழுபத்தேழாம் வருஷம். பருவமழை எங்கே பிறந்து எப்படிப் புறப்படுகிறது என்று பார்க்க, நம் நாட்டுக்காரர்களும் ரஷ்யாக்காரர்களும் கூட்டுச் சேர்ந்து வங்காள விரிகுடாவில் கப்பல்களை நிறுத்தியிருந்தார்கள். கடலில் கப்பல் அளக்கும், கரையில் மழைமானி அளக்கும், இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். திருக்கனூருக்கு ஒரு மழைமானி வந்தபோது, மல்லாட்டை என்னும் நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த இராமச்சந்திரன் வீட்டு வாசல்தான் மரமில்லாத திறந்த இடமாக அகப்பட்டது. அவன் மனைவி கோகிலாம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை. மண்ணாடிப்பட்டில் வாழும் நாத்தனார் தனக்கொடி வீட்டில் டிராக்டர் இருந்தது, பெரிய ரேடியோ இருந்தது. மழைமானி இல்லையே!

அந்தப் பெருமையில் ஒருநாள் மாலை மண் விழுந்தது. கருவியை நட்டுவிட்டுப் போன வில்லியனூர் அதிகாரி மரியசுந்தரம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“இன்னாம்மா இது? சுத்துப்பட்டுல எங்கயும் ஒரு பொட்டு இல்ல, உங்க வாசல்ல மட்டும் டெய்லி மழை. பனின்னு நான் சொல்றேன். ராத்திரியில வர்ற கடல் ஈரம்னு கப்பல்ல இருக்கிற ரஷ்யாக்காரம்மா சொல்றாங்க. நாளைக்குக் காலையில அவங்களையே கூட்டிக்கினு வரேன். இடம் சரியில்லன்னா மண்ணாடிப்பட்டுக்கு மாத்திடுவோம். அங்க தனக்கொடின்னு ஒருத்தங்க ரொம்ப நாளா கேட்டுக்கினு இருக்காங்க.”

ஜீப் போனதும் கோகிலாம்பாள் குனிந்து மழைமானியை மோந்து பார்த்தாள். சாணி வாசனை. அவளுக்குச் சுரீரென்றது. விடிந்ததும் விடியாததுமாகச் சாணி கரைத்து வாசல் தெளிப்பவள் அவள். அரசாங்கத்துப் பொருளாயிற்றே என்று மழைமானியைச் சுற்றி மட்டும் நாலு கை கூடவே வீசித் தெளித்து, கோலமும் போட்டுவந்தாள். குவளையில் தண்ணீர் பச்சையாக இருந்ததைத் தூசி என்று நினைத்திருந்தாள்.

“இதான் உன் மழையா? நல்லாருக்குடி!” என்று வயிறு குலுங்கச் சிரித்த இராமச்சந்திரன் ஒரு யோசனையும் சொன்னான். “நாளைக்கு ஒருநாள் தெளிக்காத. கருவி காஞ்சி கெடக்கும். பாத்துட்டுப் போயிடுவாங்க. அப்பறமா தள்ளி நின்னு தெளிச்சிக்க.”

நல்ல யோசனைதான். ஆனால் மறுநாள் காலை தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டதும், புழுதியாகக் கிடந்த வாசலைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கடல் தாண்டி வந்த பெண்பிள்ளையின் கால் தெளிக்காத வாசலிலா படவேண்டும்? மழைமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாத்தனார் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. சிரிக்கட்டும் கழுதை! கோகிலாம்பாள் வாளியை எடுத்தாள்.

லுத்மிலா என்ற அந்த உயரமான அம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கும்போது, கோகிலாம்பாள் வீசிய அவசரத்தில் சளக் சளக்கென்று தண்ணீர் மழைமானியிலும் தெறித்துக்கொண்டிருந்தது.

“ஐயோ, இன்னாம்மா பண்றீங்க!” என்று கத்தினார் மரியசுந்தரம்.

“வாசல் தெளிக்கிறேன் சார். இதான் உங்க மழை. தப்பு என்னுதுதான். எழவு வூட்லதான் வாசல் தெளிக்காம கெடக்கும். வந்தவங்கள அப்படிக் கூப்புட மனசு வரல. கருவிய மண்ணாடிப்பட்டுக்கே எடுத்துக்கினு போங்க.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது.

மரியசுந்தரம் அதை இங்கிலீஷில் சொன்னார். லுத்மிலா வாளியைப் பார்த்தாள், நனைந்த வாசலைப் பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அதை அவர் தமிழில் சொன்னார்: “மண்ணாடிப்பட்டுல வாசல் தெளிக்க மாட்டாங்களான்னு கேக்குறாங்க.”

“தெளிக்காம? எங்க நாத்தனாரு ரெண்டு வாளி தெளிப்பா!”

அதைக் கேட்டு லுத்மிலா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. மரியசுந்தரத்தின் பனியும் போச்சு, லுத்மிலாவின் கடல் ஈரமும் போச்சு. கோகிலாம்பாள் வீட்டுத் தோட்டத்திலேயே, வாளி எட்டாத வெட்டவெளியில் மழைமானியை நட்டுவிடுவதென்று இரண்டு நாடும் அங்கேயே ஒப்புக்கொண்டன.

பிறகு லுத்மிலா வாளியை வாங்கித் தானும் ஒரு கை தெளித்துப் பார்த்தாள். அத்தனையும் மழைமானிக்குள்ளேயே போய் விழுந்தது.

கோகிலாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குவளையை எடுத்தாள். “பாதி எங்க மழை, பாதி அவங்க மழை. கண்டக்டர்கிட்ட இன்னான்னு சார் சொல்லி அனுப்புறது?”