மழைக்கு முந்தின வலி

வானிலை அறிக்கை வாசிப்பவர்கள் என் மனைவியிடம் வந்து பாடம் கேட்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் முதுகில் ஆப்பரேஷன் ஆனதிலிருந்து அவளுக்கு வலது காலில் நரம்பு வலி. இடுப்பில் கிளம்பிக் கட்டைவிரல் வரை சுரீரென்று இறங்கும். எங்களுடையது கடலோர ஊர். ஈரக்காற்று திரும்பினால் போதும், மழைக்குப் பல மணி நேரம் முன்பே கால் சொல்லிவிடும்.

நானோ வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் காண்ட்ராக்டர். முதல் கோட் காய்வதற்குள் நனைந்தால் தொலைந்தேன். அதனால் தினமும் பல் தேய்க்கும்போதே கால் எப்படி என்று கேட்பேன். வலிக்கிறது என்றால் உள்வேலை, இல்லையென்றால் வெளிவேலை. ஒரு நாளும் தப்பியதில்லை. மற்ற காண்ட்ராக்டர்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது நான் மிதப்பாகச் சாரம் கட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தக் காலோடு நின்றுதான் எனக்குக் கலர் கலந்து தருவாள். வெயிலில் வெளுத்த காரைத் துண்டு ஒன்றைக் காட்டினால் போதும். ஒரு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் விட்டு, பழசு எது புதுசு எது என்று எனக்கே தெரியாதபடி செய்துவிடுவாள். மிஷினுக்குக்கூட அந்தக் கண் கிடையாது. முகத்தில் சின்னச் சுளிப்பும் இருக்காது.

டாக்டர்தான் ஒரு யோசனை சொன்னார். இந்த வலி ஆளுக்கு ஆள் மாறுமாம். சிலருக்கு வறண்ட ஊர் ஒத்துக்கொள்ளுமாம், இருந்து பாருங்கள் என்றார். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்கு மூன்று வாரம் போனாள். குணம் தெரிந்தால் குடி மாறிவிடுவது என்று பேச்சு. திரும்பி வந்தவள், அங்கேயும் இதே கதைதான் என்று சிரித்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. இருபது வருடப் பழக்கத்தை விட்டு எங்கே போவது?

அவள் வந்த பத்தாம் நாள், பள்ளிக்கூடத்தின் மூன்று மாடிச் சுவர். காலையில் கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள். அடித்தோம். மத்தியானம் கொட்டியது பாருங்கள், கிரீம் கலர் மொத்தமும் வழிந்து வாசலில் தேங்கியது. ஹெட்மாஸ்டர் முன்னால் மானம் போயிற்று.

சண்டை போடத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் உறைத்தது. கால் பொய் சொல்லாது, பொய் சொன்னது காலுக்குச் சொந்தக்காரி. தங்கை வீட்டு விஷயமும் அப்படித்தானோ என்று மச்சினிக்குப் போன் போட்டேன்.

"அக்கா சொல்லலையா மாமா? இங்க ராத்திரி பூரா நல்லா தூங்கினா. மாடிப்படி ஏறித் துணி காயப் போட்டா. நானே அசந்துட்டேன்."

வீட்டுக்குப் போனபோது என் மனைவி பெயிண்ட் குடோனில் ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்தபடி கலர் கலக்கிக்கொண்டிருந்தாள். ஏன் மறைத்தாய் என்றேன். கலக்கிய குச்சியை டப்பா மேல் வைத்தாள்.

"உங்க வேலை இங்கதானே இருக்கு. மூணு வாரம் வலி இல்லாம இருந்துட்டு வந்தேன். இப்ப வலிக்குதுன்னு வாயத் தொறந்தா அழுதுடுவேன். அழுதா, அங்க நல்லா இருந்தத நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க."

அவள் கணிப்பு பலித்தபோதெல்லாம் ஊரெல்லாம் பெருமை அடித்தேனே, அது அவள் துடித்த நாள் என்று ஒரு தடவையாவது நினைத்தேனா? எப்பேர்ப்பட்டவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்!

"அந்தச் சுவர மட்டும் திருப்பி அடிச்சுக் குடுத்துட்டுக் கிளம்பிடலாம்," என்றேன். "அங்க பெயிண்ட் சீக்கிரம் காயும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, பெயிண்ட் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுங்க, ரொம்ப வலிக்குது" என்று விக்கி விக்கி அழுதாள்.