மேல்தட்டில் ஏறாத கார்

அப்பா உயிரோடு இருந்தபோதே பங்கு பிரித்துவிட்டார். மூன்றாம் மாடி வீடு மகனுக்கு, நான்காம் மாடி மகளுக்கு. காரை நிறுத்த ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இரும்புத் தட்டுகள் இருந்தன. தரையோடு இருந்தது அண்ணனுக்கு, மோட்டாரில் ஏறி இறங்குவது தங்கைக்கு.

அவள் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பவள். அவளுடைய பழைய கார் படுத்துவிட்டபோது யோசனை சொன்னதே அண்ணன்தான்.

"எலெக்ட்ரிக் வாங்கு. நாள் முழுக்க ஊர் சுத்துறவளுக்கு அதுதான் சரி."

அண்ணனிடம் இருந்த அதே பெட்ரோல் காரின் எலெக்ட்ரிக் வடிவத்தையே வாங்கினாள். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒன்று. வண்டி வந்த அன்று கட்டடமே கீழே இறங்கி வந்து பார்த்தது. தட்டில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினாள். ஒரு சாண் உயர்ந்த தட்டு நடுங்கியது, அலறியது, இறங்கிவிட்டது.

"டிக்கியில யாராச்சும் ஒளிஞ்சிருக்காங்களா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மறுநாள் வந்த மெக்கானிக் சிரிக்கவில்லை. "தட்டு ஆயிரத்து ஐநூறு கிலோதாங்க தாங்கும். இது அதைத் தாண்டிடுச்சு."

"எங்க மச்சான் காரும் இதே சைஸ்தானே?" என்றான் அவள் கணவன்.

"அது ஆயிரத்து இருநூறுதான் சார். இதுல இன்ஜின் இல்லைன்னாலும் அடியில படுத்திருக்கிற பேட்டரியே நானூறு கிலோ இருக்கும். அதைத் தாங்க வண்டியோட சட்டத்தையும் கனமாத்தான் போடணும்."

அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. இடத்தை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டும்போது அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அண்ணன் டிவியை அணைத்தான். "அப்பா பிரிச்சது பிரிச்சதுதான். அதுல கை வைக்க வேண்டாம்."

"நீதானேண்ணா எலெக்ட்ரிக் வாங்கச் சொன்ன?"

"வாங்கச் சொன்னேன். எடையைப் பார்க்கிறது உன் பொறுப்பு இல்லையா?"

"இன்னிக்குப் பார்க்கிங் கேப்பாங்க, நாளைக்கு ஹாலைக் கேப்பாங்க," என்றாள் அண்ணி, சமையலறைக்குள் இருந்தபடியே.

கார் இரண்டு தெரு தள்ளி நின்றது. ஒரு வாரத்தில் பக்கவாட்டுக் கண்ணாடி போயிற்று. வீட்டில் சார்ஜ் போட வழியில்லாததால் பொது நிலையத்தில் வரிசையில் நின்றாள். நேரத்துக்குப் போக முடியவில்லை. பக்கவாதத்திலிருந்து மீண்டு, அவள் தோளைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை வேறு ஆளை வைத்துக்கொண்டார். அன்று காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். விற்றுவிடுவது என்று முடிவு செய்தாள்.

செய்தி கேட்டு அண்ணன் மாடியேறி வந்தான். சோபாவில் சாய்ந்துகொண்டு, "வெளியாளுக்கு எதுக்கு? நானே எடுத்துக்கறேன். என் வண்டியை நீ வச்சுக்கோ. அது மேல ஜம்முனு ஏறும்," என்றான்.

கணவன் முகம் மலர்ந்தது. அவள் அண்ணனையே பார்த்தாள். பெரிய உதவி செய்ய வந்தவனைப் போல இருந்தது அவன் முகம்.

"அப்போ இது கீழ்த்தட்டுல நிக்கும், இல்லையா?"

"பின்ன வேற எங்க நிக்கும்?"

"வித்தாச்சுண்ணா."

அதுவரை விற்றிருக்கவில்லை. மறுநாள் முதலில் வந்து கேட்டவனுக்கே கொடுத்துவிட்டாள். கணவன் இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது பஸ்ஸில் போகிறாள். ஒரு நாள் நிறுத்தத்தில் நிற்கும்போது பெரியம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி, கூடப் பொறந்தவன் வாய்விட்டுக் கேட்டும் எவனுக்கோ தூக்கிக் கொடுத்தியாமே? அப்படியென்னடி நெஞ்சழுத்தம்?"

"பெரியம்மா, அது அந்தத் தட்டோட எடை..."

"எடையாவது ஒண்ணாவது! அவன் எப்படி உடைஞ்சு போயிருக்கான் தெரியுமா?"

பஸ் வந்துவிட்டது. போனை அணைத்துவிட்டு ஏறினாள். அண்ணனும் தங்கையும் ஒரே லிஃப்டில்தான் போய் வருகிறார்கள். பேசிக்கொள்வதில்லை.