பைண்டிங்காரன் இறங்கிய ஆழம்

வலிப்பு நின்ற ஏழாவது மாதம், தெருவில் எல்லோரும் 'பசை' என்று கூப்பிடும் புத்தக பைண்டிங்காரன் தன் மாடிவீட்டில் கணுக்கால்வரை தரைக்குள் இறங்கியிருந்தான். ஓடு உடையவில்லை, விரிசலும் இல்லை. சேற்றில் நடப்பவனைப்போல நடந்தான். கடந்ததும் தரை மூடிக்கொண்டது. கீழ்வீட்டுக்காரர் தன் கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கே பாதங்கள் தெரியவில்லை என்பதால் அவருடைய சந்தேகம் கூடியது. கொத்தனார் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தரை கெட்டியா இருக்கு. ஆளத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் சந்தேகம் வேறு. தம்பி வலிப்பை மறைக்கிறான் என்று நினைத்தாள். அவனுடைய பத்தாவது வயதிலிருந்து அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியதும் அவள்தான். வலிப்பு வந்த நாள், நேரம், எத்தனை நிமிடம் என்று எழுதிவைக்க அவனே ஒரு நோட்டைக் கோடுபோட்டுத் தைத்துக் கொடுத்திருந்தான். வலிப்பு வராத நாட்களில் எதை எழுதுவது என்று இருவருமே யோசிக்கவில்லை. இப்போது அவள் தினமும் மாத்திரைகளை எண்ணினாள். எச்சிலோ ரத்தமோ பட்டிருக்கிறதா என்று தலையணை உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள்; கடிபட்ட தடம் இல்லை. டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, "வலிப்பு வந்துச்சா?" என்று கேட்டார். "இல்ல" என்றான். "ரொம்ப நல்லது" என்று எழுதிக்கொண்டார். மேசைக்குக் கீழே அவர் குனிந்து பார்க்கவில்லை.

ஒரு வருடத்தில் முழங்கால். பிறகு தொடை. தைக்க வந்த புத்தகக் கட்டுகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினான். இடுப்பு மறைந்த அன்று அக்கா கதவைச் சாத்தினாள்.

"உண்மையச் சொல்லுடா. எத்தனை தடவ வந்துச்சு?"

"ஒரு தடவகூட வரலக்கா."

"வராமலா இப்படி நிக்கிற? யாருகிட்ட கதை விடுற?"

"வேற எதையாவது என்னைக்காவது கேட்டிருக்கியா நீ? நின்னுடுச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்த. காலைல கண்ணு முழிக்கவே பிடிக்கலன்னு உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? இப்படியே முழுசாப் போயிட்டா நல்லதுன்னு தோணுதுக்கா."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரை நாற்காலியைவிட்டு எழுந்து வந்து பார்க்கவைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். "வலிப்பு இருக்கிறவங்களுக்கு இது நிறைய வர்றதுதான்மா. நான் கேட்டிருக்கணும்" என்றார். ஒரு மாத்திரையை மாற்றினார், இன்னொன்றைச் சேர்த்தார், வாரம் ஒருநாள் உட்கார்ந்து பேச ஓர் ஆளையும் காட்டினார். நாலு மாதத்தில் முழங்கால் வெளியே வந்தது. நடுவில் மூன்று வாரம் மறுபடி இறங்கினான். பிறகு ஏறி, கணுக்காலுக்குச் சற்று மேலேவரை தரைக்குள் இருந்தபடியே நின்றுவிட்டான். கீழ்வீட்டுக்காரர் மட்டும் இன்னும் அண்ணாந்து பார்க்கிறார்.

வேலை திரும்ப வரத் தொடங்கியதும் தச்சரைக் கூப்பிட்டு, அவன் பைண்டிங் மேசையின் கால்களில் நாலு விரற்கடை குறைக்கச் சொன்னார்கள்.

"தம்பி முழுசா மேல வந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று தச்சர் கேட்டார்.

"அப்ப கீழ கட்டை வச்சுக்கலாம். நீங்க அறுங்க" என்றாள் அக்கா.