கெட்டிலில் இருந்த தண்ணீர்

நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தவரின் கீழ்ப்பற்களில் காரையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பல் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. ஒரு சில்லு பெயர்ந்து தட்டில் விழுந்தது. எங்கள் வீட்டுக் கெட்டிலின் அடியில் இருப்பதைப் போலவே, மஞ்சளும் வெள்ளையுமாக. சட்டென்று ஞாபகம் வந்தது. காலையில் கெட்டிலில் உப்பு நீக்கும் தூளைப் போட்டு ஊறவைத்திருந்தேன். அரைமணியில் கொட்டிவிடலாம் என்று நினைத்தவள், கொட்டாமலே பஸ்ஸுக்கு ஓடி வந்துவிட்டேன்.

மணி இரண்டே முக்கால். என் கணவரின் அப்பா மூன்று மணிக்கு டீ போடுவார்.

எங்கள் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். ஷவரில் பாதித் துளைகள் அடைத்துவிட்டன. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் வெள்ளைத் திட்டு. என் தலைமுடியைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவள், கெட்டில் கொதித்த பிறகும் தானாக அணையாமல் முரண்டுபிடித்தபோது பயந்துவிட்டேன். அது மாமாவின் கெட்டில். இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் அடுப்பை எரியவிட்டுத் தூங்கிப்போய், பால் பாத்திரம் கருகியது. இனி அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, எங்கயாவது ஹோம்ல சேத்துட வேண்டியதுதான்" என்று என்னிடம் தனியாகச் சொன்னதும் மாமாவின் காதில் விழுந்திருக்கும். சுவர் அவ்வளவு மெல்லியது. அன்றிலிருந்து அவர் கையால் ஆகிற ஒரே சமையல் இந்த டீதான். கை நடுங்குவதால் காலையிலேயே தண்ணீர் நிரப்பி வைத்துவிடுவேன். அவர் பொத்தானை அழுத்தினால் போதும்.

கடையில் இரண்டு பாக்கெட் வாங்கியிருந்தேன். கெட்டிலுக்கு வாங்கியது வெறும் எலுமிச்சை உப்பு. குளியலறைக்கு வாங்கியதில் மண்டையோடு போட்டிருந்தது. காலையில் எதைப் பிரித்தேன்? கத்தரிக்கோலைத் தேடியது ஞாபகம் வந்தது. பாக்கெட் ஞாபகம் வரவே இல்லை.

கையுறையோடு வெளியே ஓடி வீட்டுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் நான் பாதியில் விட்ட வேலையைத் தானே எடுத்துக்கொண்டு என்னை அனுப்பினார். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், வாயைக் கொப்பளிக்கச் சொல், எந்தப் பாக்கெட் என்று பார்த்து உடனே கூப்பிடு என்றார். டாக்ஸியிலிருந்து மறுபடி மறுபடி அடித்தேன். ஐந்தாவது தடவை மாமா எடுத்தார்.

"மாமா, டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேம்மா. நல்லா இருந்துது."

அந்தத் தூள் கலந்த டீ நல்லா இருந்ததாம். எரிகிறது என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவரிடம் போகவில்லை, அலமாரிக்குத்தான் ஓடினேன். மண்டையோடு பிரிக்காமல் இருந்தது. மற்றது மூலை வெட்டி, காலியாக இருந்தது. அங்கிருந்தே டாக்டரைக் கூப்பிட்டேன். ஒன்றும் ஆகாது என்றார். போன உயிர் வந்தது.

பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. கழுவி வைத்த வடிகட்டியின் வலைக்குள் வெள்ளைத் துணுக்குகள். குப்பைக்கூடையின் அடியில், செய்தித்தாளுக்குள் பொதிந்து, திரிந்த பாலின் கட்டிகள். திரிந்ததை வடிகட்டிவிட்டு, அந்தப் புளித்த டீயை ஒரு கோப்பை முழுக்கக் குடித்திருக்கிறார்.

"ஏன் மாமா கொட்டல?"

அவர் சாப்பாட்டு மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "நாந்தான் எதையோ மாத்திப் போட்டுட்டேன்னு நெனச்சேன். அவன்கிட்ட சொல்லிடாதம்மா."

நான்தான் தூளைப் போட்டேன், கொட்ட மறந்துவிட்டேன் என்று சொன்னேன். பாக்கெட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்காகப் பொய் சொல்லாத."

மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல நான் அவருக்கு இன்னும் நல்ல மருமகளாகிக்கொண்டே போனேன். கோபம்கோபமாக வந்தது, அவர்மேல் இல்லை. கணவர் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவரும் இப்படியே பாக்கெட்டை மடித்துக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

கெட்டிலுக்குள் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்லை. வாங்கிய அன்றுபோலப் பளபளத்தது. மூன்று தடவை அலசி, புதுத் தண்ணீர் பிடித்து, புதுப் பால் ஊற்றி, இரண்டு கோப்பை டீ போட்டு எதிரெதிரே வைத்தேன். மாமா இரண்டு கைகளாலும் தூக்கி ஒரு வாய் எடுத்தார். விழுங்கவில்லை. அதை வாயில் வைத்துக்கொண்டே, தன் நாக்கை நம்பாதவர்போல, நான் என் கோப்பையை எடுத்துக் குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.