தவளை எழும் நேரம்

பதினேழாம் நம்பர் தவளை நாற்பது நிமிடமாகியும் கண் திறக்கவில்லை. ஸ்டாப்வாட்சை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வாரத்தில் இது எட்டாவது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்வெட்டி பட்டிருக்கும் என்று, ஏரியில் தோண்டி எடுத்துத் தரும் கங்காதரனைத் திட்டினேன். டிரேயை வெயிலில் வைத்துத் தொலைத்திருப்பார்கள் என்று மாணவர்களைத் திட்டினேன். என் பக்கம் தப்பு இருக்கலாம் என்று மட்டும் தோன்றவேயில்லை. இருபத்திரண்டு வருட சர்வீஸ் கொடுத்த திமிர்.

என் ஆராய்ச்சியே தூக்கம்தான். ஏரி வற்றியதும் இந்தத் தவளைகள் மண்ணுக்குள் இறங்கி, மழை வரும்வரை பட்டினியாக உறங்கும். நிமிடத்துக்கு நாலைந்து தரம்தான் நெஞ்சு துடிக்கும். பார்த்தால் செத்ததுபோலவே இருக்கும். சித்திரையில் அவற்றை வேலூருக்கு, எங்கள் கல்லூரி லேபுக்குக் கொண்டுவந்து, எடை போட்டு, தண்ணீர் ஊற்றி, எழும் நேரத்தைக் குறிப்பேன். வழக்கமாக இருபது நிமிடத்தில் காலை உதைத்துவிடும். செத்ததற்கும் தூங்குவதற்கும் வித்தியாசம் தெரிந்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

தவளை வாயால் தண்ணீர் குடிக்காது, தோலால் உறிஞ்சும். அதனால் லேப் குழாயில் வரும் குளோரின் தண்ணீர் ஆகாது. ஆம்பூரில் எங்கள் வீட்டு போர் தண்ணீரைத்தான் கேனில் பிடித்து பஸ்ஸில் தூக்கி வருவேன். ஊரே காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும்போது எங்கள் போர் மட்டும் இனித்தது. என் வீட்டுக்காரர் தேவசகாயம் யார் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் நீட்டுவார். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி தினமும் இரண்டு குடம் பிடித்துப் போவாள். பின்தெருவில் பல வருடமாக மூடிக்கிடந்த தோல் பதனிடும் கம்பெனியைப் பொங்கலுக்குப் பிறகு யாரோ திறந்தார்கள். லாரி ஹாரன் ஒன்றுதான் பேஜார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

திட்டு வாங்கிக்கொண்டு வெளியே போன கங்காதரன், தன் வண்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்தார். போன வாரம் லேசாகப் பெய்த கோடை மழையை வீட்டு டிரம்மில் பிடித்து வைத்திருந்தாராம்.

"தண்ணிய மாத்திப் பாக்கலாமே மேடம்."

"எங்க வீட்டுத் தண்ணிக்கு இன்னா?"

அவர் முந்தின நாள் தோண்டியதில் இரண்டு தவளைகளை எடுத்து, ஒன்றுக்கு மழைத் தண்ணீரும் ஒன்றுக்கு என் கேன் தண்ணீரும் ஊற்றினார். மழைத் தண்ணீர் பட்டது பதினெட்டாவது நிமிடத்தில் டிரேயை விட்டுக் குதித்தது. மற்றது எழவில்லை. அதன் அடிவயிற்றில் விரல் வைத்துப் பார்த்தேன். அது தூங்கவில்லை.

அப்போதுதான் நிஷா நினைவுக்கு வந்தாள். என் மகள். வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வாரமாகிறது. நல்ல தண்ணீர், நிறைய குடி என்று டம்ளர் டம்ளராக நான்தான் கொடுத்தேன். இன்று காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"ம்மா, நேத்துலேர்ந்து அசைவு கம்மியா இருக்குதும்மா."

"தூங்குதுடி. தூங்கட்டும் விடு."

சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். படுபாவி.

நிஷாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டேயிருந்தது, அவள் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கங்காதரன் தெரிந்தவர் ஒருவரின் காரை வரவழைத்தார். ஹைவேயில் ஒரு மணி நேரம். பள்ளிகொண்டா தாண்டியபோதுதான் ஸ்டாப்வாட்ச் என் கழுத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். நிறுத்தப் பயமாக இருந்தது.

நிஷா சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் பாதி குடித்த டம்ளர். தொட்டதும் விழித்து, இந்நேரத்தில் ஏன் வந்தேன் என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், வாசலில் கார் நிற்கிறது என்றேன். அவள் முகம் வெளுத்தது. எழப்போனவளைத் தடுத்து வயிற்றில் கை வைத்தேன். இடதுபக்கம், பிறகு வலதுபக்கம். அவள் மூச்சு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"அசையுதாம்மா?"

"இரு."

வெளியே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. "அக்கா, ரெண்டு கொடம் புடிச்சிக்கிறேன்" என்றாள் ஆரோக்கியமேரி. காலிக் குடத்தின் அடியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். உள்ளங்கைக்குக் கீழே ஏதோ லேசாக நகர்ந்ததுபோல் இருந்தது. மறுபடி வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குடம் நிறைந்துகொண்டிருந்தது.